மெழுகு காணாத பிக்கப்

கெட்டுப்போன சாமானை எறிய மனம் வராதவர்கள் உலகத்தில் நிறையப் பேர். கெட்டுப்போனது என்று தெரிந்தே அதைப் பத்திரமாகக் கழற்றி, துடைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு, பெட்டியின்மேல் பெயரும் எழுதிவைக்கிறவர் ஒருவர்தான் இருந்தார். அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்பார்கள். ஊரிலுள்ள பெரிய பெரிய மாடிகளின் லிஃப்டைப் பழுது பார்ப்பது அவர் வேலை. அவர் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. இதைச் சொல்லிக் கேலி செய்யாத ஆளே கிடையாது. அவரும் ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்துவைப்பார்.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாகத்தை மாற்றினால் பழையதை உடனே கழித்துவிடக் கூடாது. புதியது ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகுதான் பழையதற்கு விடை கொடுக்க வேண்டும். மனிதர்கள் ஏறி இறங்கும் பெட்டிக்கு அது நல்ல வழக்கம்தான். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கிட்டார்மேல் காட்டியதுதான் வினையாகப் போயிற்று.

அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு கிட்டாரோடு நின்றிருப்பார். அவருக்குத் தெரிந்தது கழற்றுவதும் மாட்டுவதும். ஆசை ஆசையாக மலிவான எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி, மூன்றாவது மாதம் விரல் வலித்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்ட புண்ணியவான்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களிடம் போய் அதை வாங்கிவருவார். கம்பியை இழுத்துப் பிடிக்க வேண்டிய முறுக்காணி பிடிக்காமல் நழுவும். அதை எடுத்துவிட்டு நல்லதைப் போடுவார். கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டிய பிக்கப் இரையும், அதையும் மாற்றுவார். நெக் என்கிற வளைந்துபோன கழுத்துக் கட்டை, துருப்பிடித்த கம்பி, தொட்டால் கையோடு வந்துவிடும் வால்யூம் குமிழ் எல்லாம் மாறும். பிறகு புதிதாகக் கற்றுக்கொள்ளப் புறப்பட்ட யாருக்காவது அந்தக் கிட்டாரைக் கொடுத்துவிடுவார். நல்லதெல்லாம் வாசலைத் தாண்டிப் போகும், கெட்டதெல்லாம் வீட்டோடு தங்கும். ஒன்பது வருஷத்தில் வீட்டின் சின்ன அறை கழுத்துவரை நிறைந்துவிட்டது.

பெட்டிகளின்மேல் அவர் எழுதிவைத்திருந்த பெயர்களைப் படித்தாலே ஆளைப் புரிந்துகொள்ளலாம். ‘திருகாணி - நல்லது.’ ‘திருகாணி - சுமார்.’ ‘முறுக்காணி - இடது பக்கம் மட்டும்.’ ‘பிக்கப் - மெழுகு இல்லாதது.’ ‘பிறகு பார்க்கலாம்.’ கடைசிப் பெயரில் மட்டும் ஏழு பெட்டிகள் இருந்தன.

அவர் மனைவி தையல்காரி. கை சுத்தம், சொன்ன நாளில் கொடுப்பாள், வாய் மட்டும் கத்தரிக்கோலைவிடக் கொஞ்சம் கூர்மை. நாலு வருஷமாகச் சாப்பாட்டு மேஜைமேல்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் ஒரு பல் ஆஸ்பத்திரியிலிருந்து அங்கே வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் சீருடை தைத்துத் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அவள் கைக்கு வந்த முதல் பெரிய வேலை. ஆனால் துணியின் ஓரம் பிரியாமல் அடித்துத் தர ஓவர்லாக் மிஷின் வேண்டும். மிஷினைக் கடையில் சொல்லியாகிவிட்டது. அதை வைக்கத்தான் இடமில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை மிஷின் வருது," என்றாள் ஒரு வியாழக்கிழமை. "இந்த ரூம் வேணும்."

"மெதுவா ஒழிச்சுடலாம்மா."

"நாலு வருஷமா மெதுவாத்தான் ஒழிக்கறீங்க. போன தடவை ஒழிக்கறேன்னு ரெண்டு பெட்டியோட உள்ள போனவரு, மூணு பெட்டியோட வெளிய வந்தீங்க."

அது உண்மை. ‘சுமார்’ பெட்டியைப் பிரித்ததில் ‘சுமாருக்கும் கீழே’ என்று ஒன்று புதிதாகப் பிறந்துவிட்டது.

"எல்லாம் ஒரு நாளைக்கு உதவும்," என்றார். "சிறு துரும்பும் பல் குத்த உதவும்."

"மனுஷனுக்கு இருக்கறது முப்பத்திரண்டு பல்லு. அதுலயும் உங்களுக்கு ரெண்டு போயாச்சு. எத்தனை துரும்புதான் சேப்பீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். அவருக்கு ஒரு குறை உண்டு. லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், மூடிய கதவுக்கு வெளியே நின்று இன்டர்காமில் அவர் பேசுகிற பேச்சுக்கு அழுகிற ஆளும் சிரித்துவிடும். கதவு திறந்து அதே ஆள் எதிரே வந்து நின்றால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் மனைவியிடம் முக்கியமான எதையும் முகம் பார்த்து அவர் சொன்னதில்லை.

"சரி, ஒண்ணு பண்ணுங்க," என்றாள் அவளே. "வர்ற வியாழக்கிழமைக்குள்ள இந்த வீட்டுக்கு எது நிஜமா உதவுதோ, அது இருக்கட்டும். உதவாததெல்லாம் பழைய இரும்புக்காரர்கிட்ட போயிடணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

எல்லாம் ஒழியட்டும் என்கிற அர்த்தத்தில் அவள் சொன்னாள். லிஃப்ட்காரருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. உதவினால் இருக்கலாமா? உதவ வைத்துவிட்டால் போயிற்று! அந்த நிமிஷமே ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் துளை போடும் சத்தம் ஓயவில்லை. இரண்டாவது மாடி டிரைவர், இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிற மனிதர், இரண்டு தடவை மேலே வந்து பார்த்துவிட்டு தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார். பழைய கிட்டார்க் கம்பிகளை முடிந்து பால்கனியில் துணி காயப்போடும் கொடி கட்டினார் லிஃப்ட்காரர். தொய்ந்தால் முறுக்கிக்கொள்ள ஒரு முனையில் முறுக்காணியும் வைத்தார். மூன்று நெக்குகளைச் சுவரில் படுக்கவைத்து அறைந்தார். ஒவ்வொன்றிலும் வரிசையாக ஆறு முறுக்காணி, பை மாட்ட, சாவி மாட்ட, துண்டு மாட்ட. இருப்பதில் நீளமான நெக்குகள் இரண்டை ஒன்றோடொன்று பிணைத்து ஹாலின் ஜன்னல் திரைக்குக் கம்பாக்கினார். மின்விசிறியின் ரெகுலேட்டரில் குமிழ் உடைந்து ஆறு மாதமாகியிருந்தது. அங்கே ஒன்று முதல் பத்துவரை எண் போட்ட வால்யூம் குமிழ் ஏறியது. கழிப்பறைத் தொட்டியின் உடைந்த கைப்பிடிக்குப் பதில், கிட்டாரில் சுரத்தை ஆட்டுவதற்காக இருக்கும் வளைந்த நீளக் கம்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவியை அறை அறையாகக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். விசிறிக் குமிழைத் திருப்பினாள். அது கையோடு வந்தது.

"அது ஒண்ணுதான் கொஞ்சம் லூசு," என்றார்.

"அது ஒண்ணா?" என்றாள்.

சும்மா சொல்லக் கூடாது, திங்கட்கிழமை காலைவரை மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் குணத்தைக் காட்ட ஆரம்பித்தன. நாய் வாலை நிமிர்த்த முடியுமா? எந்தக் குற்றத்துக்காகக் கிட்டாரிலிருந்து கழற்றப்பட்டதோ, அதே குற்றத்தை ஒவ்வொரு பாகமும் வீட்டிலும் செய்தது. சுருதியைப் பிடிக்காமல் நழுவிய முறுக்காணி, மாட்டிய பையையும் பிடிக்கவில்லை. கனம் தாங்காமல் மெல்ல மெல்லத் தலைகுனிந்து, யாரும் எதிர்பாராத நேரத்தில் பையைக் கீழே போட்டது. அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்ததும் சாவியைப் போட்டது. வளைந்த நெக் ஜன்னலிலும் வளைந்தே நின்றதால், இழுத்துவிட்ட திரை இரண்டு பக்கமிருந்தும் வழுக்கி நடுவில் வந்து கூடிக்கொண்டது. எதிர்க் கட்டடத்துக்காரர்களுக்கு இவர்கள் சாப்பிடுவது முழுதாகத் தெரிந்தது. கழிப்பறைக் கம்பி இருக்கிற நீளத்துக்கு, எழுந்திருக்கும்போது முழங்கையில் இடித்து, வேண்டாத நேரத்திலெல்லாம் தண்ணீரைக் கொட்டியது.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். கொடியைத்தான் பொறுக்கவில்லை. ஒரு வாடிக்கையாளரின் வெளிர்நீலச் சட்டையைத் தண்ணீரில் அலசி அதில் காயப்போட்டிருந்தாள். எடுக்கும்போது நெஞ்சின் குறுக்கே, ஸ்கேல் வைத்துப் போட்டமாதிரி ஒரு துருக்கோடு. எலுமிச்சம்பழம் தேய்த்தாள், உப்புத் தேய்த்தாள், கோடு அசையவில்லை. கடைசியில் அதன்மேல் வெள்ளை லேஸ் ஒன்றை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். வந்த பெண், "அட, நான் கேக்காமலே டிசைன் வச்சிருக்கீங்களே!" என்று மகிழ்ந்து வாங்கிப் போனாள். அவள் போன பிறகு தையல்காரி கதவைச் சாத்திவிட்டு, நேரே பால்கனிக்குப் போய்க் கொடியை வெட்டி எறிந்தாள். துணி வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டினாள். தையல்காரி துணிக் கத்தரியால் கம்பியை வெட்டுகிறாள் என்றால் அது எவ்வளவு பெரிய கோபம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

லிஃப்ட்காரருக்கும் தெரிந்தது. ஆனால் அவருக்குத் தோன்றிய பரிகாரம், இன்னும் நல்லதாக ஒன்றைச் செய்து காட்டிவிட வேண்டும் என்பது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை இல்லை இது. மனிதர் நிஜமாகவே அவளுக்காகத்தான் யோசித்தார். ஓவர்லாக் மிஷின் ஓடினால் சத்தம் காதைப் பிளக்கும். வாசலில் யார் தட்டினாலும் கேட்காது. அவளுக்கென்று, கேட்கிறமாதிரி ஒரு காலிங் பெல் செய்தால் என்ன?

புதன்கிழமை மத்தியானமே வேலையை முடித்துக்கொண்டு வந்தார். மனைவி, அக்காவோடு துணிக்கடைக்குப் போயிருந்தாள். ஒரு கிட்டாரின் பலகையிலிருந்து இரண்டு கை அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்தார். அதில் இரண்டு கம்பி இழுத்துக் கட்டி, அடியில் ஒரு பிக்கப் வைத்து, வாசற்கதவுக்கு வெளியே முக உயரத்தில் அறைந்தார். கதவு நிலையில் துளைபோட்டு ஒயரை உள்ளே கொண்டுவந்து, மலிவுக் கிட்டாரோடு இலவசமாக வரும் சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் சொருகினார். வருகிறவர் கம்பியைச் சுண்டினால் உள்ளே ‘டொய்ங்’ என்று கேட்க வேண்டும். முதலில் கொசு முனகுகிற அளவுக்குத்தான் கேட்டது. ஒலியைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். கடைசியில் குமிழைப் பத்தில் வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் பிக்கப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நல்ல பிக்கப் செய்கிறவர்கள், காந்தத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிச்சுருளை உருக்கிய மெழுகில் முக்கி எடுப்பார்கள். மெழுகு உறைந்த பிறகு சுருள் அசையாது. கிட்டார்க் கம்பியைத் தவிர வேறெதற்கும் அது காது கொடுக்காது. மலிவான பிக்கப்புக்கு இந்த மெழுகு யோகம் கிடையாது. அது தட்டினாலும் கேட்கும், இருமினாலும் கேட்கும், முன்னால் நின்று பேசினால் பேச்சையே பிடித்து உள்ளே அனுப்பிவிடும். மனிதனின் காதில் மெழுகு இருந்தால் கேட்காது, இதன் காதில் மெழுகு இல்லாவிட்டால் எல்லாமே கேட்கும். லிஃப்ட்காரருக்கு இது தெரியாததல்ல. அவரே தன் கையால் எழுதிய ‘மெழுகு இல்லாதது’ பெட்டியிலிருந்துதான் அதை எடுத்தார். அவசரத்தில் எழுதியதைப் படிக்கவில்லை.

மாலை ஐந்தரை மணி. ஒயரைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துக்கொண்டு ஸ்டூல்மேல் நின்றிருந்தார். திடீரென்று ஸ்பீக்கர் பெட்டி புஸ் புஸ் என்று மூச்சுவிட்டது.

"அம்மாடி... மூணு மாடி!" என்றது பெட்டி. அவர் மனைவியின் அக்கா குரல். "லிஃப்ட்காரனுக்கு வாக்கப்பட்டும் படியேறிச் சாகறியேடி. கொஞ்சம் நில்லு, மூச்சு வாங்குது."

அவர் சிரித்தார். பிக்கப்பின் குணம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இறங்கிப் போய்க் கதவைத் திறக்கலாம் என்று ஒரு காலைக் கீழே வைத்தார்.

"இது என்னடி சுவத்துல?"

"காலைல இல்ல. இன்னிக்கு முளைச்சிருக்கு," என்றது மனைவியின் குரல், இரைச்சலுக்கு நடுவில் சன்னமாக. "வீடு முழுக்க இப்படித்தான்க்கா முளைக்குது."

"நாளன்னிக்கு மிஷின் வருதே. ரூமை ஒழிச்சாச்சா?"

துணிப்பையைத் தரையில் இறக்கிவைக்கும் சத்தம் பெட்டியில் கேட்டது.

"இல்லக்கா. நாளைக்குப் பத்து மணிக்குக் கடை திறந்ததும் போன் பண்ணி, மிஷின் வேண்டாம்னு சொல்லிடப் போறேன். ஆஸ்பத்திரிக்காரங்ககிட்டயும் முடியாதுன்னு சொல்லிடணும்."

"பைத்தியமாடி உனக்கு? அவர்கிட்ட நேரா கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். சிறு துரும்பும் பல் குத்த உதவும்னாரு." அவள் சிரித்தமாதிரி இருந்தது, ஆனால் அது சிரிப்பில்லை. "ஒரு வாரமா ஒவ்வொரு ஆணியையும் கையில வச்சுக்கிட்டு, இது எதுக்கு உதவும், அது எதுக்கு உதவும்னு யோசிக்கறாருக்கா. உடைஞ்ச குமிழுக்குக்கூட ஒரு வேலை தேடிக் குடுத்துட்டாரு. வீட்டுல ஒருத்தி நாலு வருஷமா ஒரு மேஜை போட இடமில்லாம உக்காந்திருக்கா. அவளுக்கு ஒரு இடம் வேணும்னு மட்டும் அவருக்குத் தோணவே இல்ல பாரு."

பிறகு ‘டொய்ங்’ என்றது பெட்டி. அவ்வளவு அழகாக, அவ்வளவு துல்லியமாக, அவர் நினைத்தபடியே அடித்தது. லிஃப்ட்காரர் ஒரு கால் ஸ்டூலிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றுகொண்டிருந்தார். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். திட்டு அவருக்குப் பழக்கம்தான்.

இரண்டாவது தடவை பெல் அடித்த பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார்.

"என்ன தம்பி, பேயறைஞ்சமாதிரி நிக்கறீங்க?" என்றார் அக்கா.

"கம்பி... கொஞ்சம் இழுத்துக் கட்டணும்," என்றார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில்தான் அதைப் பார்த்தார். நாலு வருஷமாகத் தினமும் கண்ணெதிரில் நடந்ததுதான். மனைவி பாதித் தையலை நிறுத்தி, துணியை மடித்து நாற்காலியில் வைத்தாள். தையல் மிஷினை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கித் தரையில் இறக்கினாள். மேஜையைத் துடைத்தாள். அவருக்குத் தட்டு வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி துடைத்து, மறுபடி குனிந்து, மறுபடி மிஷினைத் தூக்கி மேலே வைத்து, இடுப்பில் கை வைத்து ஒரு நிமிஷம் நின்றாள். நாளைக்கு மூன்று தடவை. எந்தக் கட்டடத்தின் லிஃப்ட் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுகிற மனிதர், இந்த ஏற்ற இறக்கத்தை ஒருநாளும் எண்ணியதில்லை. தட்டின் ஓரத்தில் நீல நூல் ஒன்று கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் தைத்த துணிகளைக் கொடுக்க வெளியே போனாள். பத்து மணிக்குக் கடை திறக்கும். லிஃப்ட்காரர் லீவு சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு ஓடி, பழைய இரும்புக்காரரை வண்டியோடு கூட்டிவந்தார். சுவரிலிருந்த நெக்குகளைப் பிடுங்கினார், ஜன்னல் கம்பை இறக்கினார், கழிப்பறைக் கம்பியைக்கூட விடவில்லை. துளை போடும் சத்தம் மறுபடி வருகிறதோ என்று பயந்து மேலே வந்த டிரைவர், காலியாகிறது என்று தெரிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கை கொடுத்தார். சந்தோஷத்தில் மூன்று பெட்டிகளை ஒன்றாகத் தூக்கினார்.

கீழே இரும்புக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "மரமும் இல்ல, இரும்பும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. இதை வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது?"

"எதுக்காவது உதவும். சிறு துரும்பும்..." என்று ஆரம்பித்தார் லிஃப்ட்காரர். பாதியில் நிறுத்திக்கொண்டார். "ஒண்ணுத்துக்கும் உதவாது. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போங்க."

பிக்கப் டப்பாவில் மட்டும் இரும்புக்காரர் தகராறு செய்தார். காந்தமெல்லாம் அவர் தராசில் போய் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. டிரைவர் தராசைப் பிடித்துக்கொள்ள, மற்ற இருவரும் ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தார்கள். வண்டி நகர்ந்தபோது லிஃப்ட்காரர் அதன் பின்னாலேயே நாலடி நடந்தார். பொய் சொல்வானேன், ஒன்பது வருஷத்துப் பழக்கம் அல்லவா? கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு மனைவி படியேறி வந்தாள், காதில் போனோடு. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஹாலைத் தாண்டியதும் நின்றாள். சின்ன அறையில் சுவர் தெரிந்தது. தரை தெரிந்தது. ஜன்னல் ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது. அதன் வழியாக வெயில் உள்ளே வந்து விழுந்திருந்தது.

"ஹலோ, ஹலோ," என்றார் போனில் கடைக்காரர்.

"ம்... ஆமா, நான்தான்," என்றாள் அவள். "நாளைக்கு மிஷின் வருதுல்ல? வருதான்னு கேக்கத்தான் போட்டேன்."

போனை வைத்துவிட்டு உள்ளே போனாள். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்துச் சுவருக்குச் சுவர் அளந்தாள். இரண்டு தடவை அளந்தாள். பிறகு, "என்ன திடீர்னு?" என்றாள், அவரைப் பார்க்காமல்.

பதினாறு வருஷத்தில் இப்படி ஒரு நல்ல இடம் அமைந்ததில்லை. லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

"சும்மா," என்றார். "காத்து வரட்டுமேன்னு."

வெள்ளிக்கிழமை மிஷின் வந்தது. கடை ஆட்கள் இரண்டு பேர், டிரைவர், லிஃப்ட்காரர் நாலு பேரும் தூக்கினார்கள். ஒவ்வொரு மாடிப் படியின் திருப்பத்திலும் கடை ஆட்கள் அவர் தொழிலைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். மத்தியானமே மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. சத்தம் அவர் நினைத்ததைவிட அதிகம். வாசலில் இருந்த பெல்லை மட்டும் கழற்ற வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அது நிஜமாக உதவுகிறதாம். ஸ்பீக்கர் பெட்டியை எடுத்துத் தன் அறையில், தலைக்கு மேலே வைத்துக்கொண்டாள். அது என்னென்ன கேட்கும் என்பதை அவர் இன்னும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

சனிக்கிழமை காலை கடைக்குப் போய் நூல் கண்டுகளும் மிஷின் எண்ணெயும் வாங்கிக்கொண்டு வந்தார் லிஃப்ட்காரர். மூன்று மாடி ஏறிக் கதவுக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினார். உள்ளே மிஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. கம்பியைச் சுண்ட விரலை நீட்டினார். எதிரே மூடிய கதவு. பக்கத்தில், முக உயரத்தில், பேசினால் கேட்கிற ஒரு காது. நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். அவருக்கே தெரியாமல் குரல் மாறி, தொழில் குரல் வந்தது.

"பயப்படாதீங்க," என்றார் பிக்கப்பைப் பார்த்து. "நான் வெளியதான் நிக்கறேன். கதவு இப்ப திறந்துடும்." பிறகு சுதாரித்துக்கொண்டார். "இல்லம்மா, இது நான்தான். இதுல பேசினா உள்ள கேக்கும். அது உனக்குத் தெரியாது. புதன்கிழமை நீயும் அக்காவும் இங்க நின்னு பேசினது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. ஒட்டுக்கேக்கல. தானாக் கேட்டுச்சு."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தைரியமாக இருந்தது.

"நீ சொன்னது அத்தனையும் சரி. ஒரு திருகாணிக்கு இடம் பாத்தேன், உனக்குப் பாக்கல. நாலு வருஷமா நாளைக்கு மூணு தடவை அந்த மிஷினைத் தூக்கி வச்சிருக்க. நான் எதிர உக்காந்து சாப்பிட்டிருக்கேன். ஒரு தடவைகூட எந்திரிச்சு ஒரு பக்கம் பிடிக்கல. இடுப்பு வலிக்குதான்னு கேக்கல. எனக்கு வெக்கமா இருக்கும்மா. மன்னிப்புன்னு கேட்டுப் பழக்கமில்ல, எப்படிக் கேக்கறதுன்னும் தெரியல. அதான் கதவுகிட்ட கேக்கறேன். நீ இல்லாட்டி இந்த வீடு..."

பின்னால் செருமல் கேட்டது. மொட்டைமாடியில் காயப்போடத் தன் ஈரச் சீருடையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த டிரைவர், கடைசிப் படியில் நின்றிருந்தார்.

"யாருகிட்ட சார் பேசறீங்க?"

"வீட்டுக்காரிகிட்ட."

"அவங்க உள்ளதானே இருக்காங்க?"

"ஆமா."

"கதவைத் திறந்துட்டுப் பேசலாமே?"

"அதுக்குத் தைரியம் வேணும் சார்," என்றார் லிஃப்ட்காரர்.

டிரைவர் இதைச் சிறிது நேரம் யோசித்தார். அவருக்கும் கல்யாணமாகிப் பல வருஷம். தலையை ஆட்டிக்கொண்டார். சுவரிலிருந்த பலகையை நெருங்கி, ஏதோ சாமி படத்தைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தார்.

"நம்ம வீட்டுக்கும் இதுமாதிரி ஒண்ணு மாட்டித் தர முடியுமா சார்?"

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனிதர் தாமாக வந்து மெழுகில்லாத பிக்கப் கேட்கிறார்! ஒரு டப்பா நிறைய இருந்தது, இரண்டு நாளைக்கு முன்புவரை. லிஃப்ட்காரர் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் மிஷின் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தார். எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

கதவு திறந்தது. தையல்காரி நின்றிருந்தாள், கழுத்தில் இஞ்ச் டேப்போடு, தலைமுடியில் வெள்ளைப் பஞ்சுத் தூளோடு. கண் கலங்கியிருந்தது. குரலில் அதைக் காட்டவில்லை.

"முதல் பாதி மிஷின் சத்தத்துல கேக்கல," என்றாள். "உள்ள வந்து முதல்லேருந்து சொல்லுங்க."

லிஃப்ட்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.